சாக்கெட் கருகினால் ஃபியூஸைப் பெரிதாக்காதீர்கள்!

கேள்வி: “திருச்செந்தூர் பக்கம் வாழையும் கொஞ்சம் முருங்கையும் வைத்திருக்கிறோம். 2024-ல் பழைய கார் ஒன்றை வாங்கினோம். பின் சீட்டில் உட்காருபவர்களுக்காக நடுப்பெட்டியின் பின்பக்கம் 12 வோல்ட் சாக்கெட் ஒன்று இருக்கிறது. மாமியாருக்கு மூச்சிரைப்பு உண்டு. தூத்துக்குடி மருத்துவமனைக்குப் போகும்போது சின்ன இன்வெர்ட்டர் மூலம் நெபுலைசரை அதில் மாட்டி ஓட்டுவோம். இரண்டு முறை ஃபியூஸ் போனது. மாற்றினோம். இப்போது சாக்கெட்டின் வாய்ப்பகுதி உருகி, கருகல் வாடை அடிக்கிறது. ‘பெரிய ஃபியூஸ் போட்டுப் புது சாக்கெட் மாட்டினால் தீர்ந்தது’ என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? நாமே மாற்ற முடியுமா?”

- ஒரு வாசகி, திருச்செந்தூர் வட்டம்

பதில்: சாக்கெட்டை நீங்களே மாற்றலாம். ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகியவருக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால், பெரிய ஃபியூஸ் மட்டும் கூடவே கூடாது. சாக்கெட் ஏன் கருகியது என்று தெரியாமல் புதிதாக ஒன்றை மாட்டினால், அதுவும் சில மாதங்களில் கருகும். அடுத்த முறை சாக்கெட்டோடு நிற்காமல் வயரும் சேர்ந்து எரியலாம். அந்த வயர் சீட்டுக்கும் தரைவிரிப்புக்கும் அடியில்தான் ஓடுகிறது. உங்கள் மாமியார் உட்காரும் இடமும் அதுதான்.

ஃபியூஸ் காப்பது வயரைத்தான்

ஃபியூஸ் என்பது மாட்டியிருக்கும் கருவியைக் காப்பாற்றுவதற்காக வைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. வாய்க்காலுக்கு மடை எப்படியோ, வயருக்கு ஃபியூஸ் அப்படி. வாய்க்கால் தாங்கும் அளவுக்குத்தான் மடையைத் திறக்க வேண்டும். மடையை அகலப்படுத்திவிட்டு வாய்க்காலை அப்படியே விட்டால் கரை உடையும்.

பெரும்பாலான கார்களில் இந்த சாக்கெட்டின் மூடியிலோ உள்ளேயோ ‘12 வோல்ட், 120 வாட்’ என்று அச்சிட்டிருக்கும். 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10. அதாவது அதிகபட்சம் 10 ஆம்பியர். அதற்கேற்ற தடிமனில்தான் கம்பெனி வயர் போட்டிருக்கிறது. அங்கே 25 ஆம்பியர் ஃபியூஸைச் செருகிவிட்டால், வயரில் 20 ஆம்பியர் ஓடினாலும் ஃபியூஸ் அசையாது. வயரின் மேலுறை உருகி, இரண்டு கம்பியும் ஒட்டி, தீப்பொறி பறந்த பிறகுதான் ஃபியூஸுக்குச் செய்தி போகும்.

ஃபியூஸின் நிறமே அதன் அளவைச் சொல்லும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, வெள்ளை 25, பச்சை 30. ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று படம் இருக்கும். சில கார்களில் சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தே கம்பெனி கொடுத்திருக்கும். அந்த வண்டியில் வயரும் அதற்கேற்ப இருக்கும் என்பதால் அது தவறில்லை. மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. பழைய வண்டி என்பதால், முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே பெரிய ஃபியூஸ் செருகியிருக்கிறாரா என்பதையும் முதலில் பாருங்கள்.

கருகியதற்கு மூன்று காரணங்கள்

முதல் காரணம், சுமை. நெபுலைசரின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை வாட் என்று இருக்கும். கம்ப்ரஸர் வகை நெபுலைசர்களில் 100 முதல் 150 வாட் வரை வரும். 120 வாட் என்றே வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும்போது இன்வெர்ட்டரிலேயே கொஞ்சம் வீணாகும். 100 பங்கு மின்சாரத்தில் 85 பங்குதான் கருவிக்குப் போய்ச் சேர்கிறது என்றால், பேட்டரியிலிருந்து 141 வாட் இழுக்க வேண்டும். 12-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 12 ஆம்பியர். சாக்கெட்டின் வரம்பே 10 ஆம்பியர்தான். மோட்டார் கிளம்பும் நொடியில் இதைவிடவும் கூடுதலாக இழுக்கும். இரண்டு முறை ஃபியூஸ் போனது அதனால்தான் இருக்க வேண்டும். ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இரண்டாவது காரணம், தளர்ந்த பிடி. சாக்கெட்டின் அடியில் நடுவில் இருக்கும் குமிழ்தான் பிளஸ். சுற்றியிருக்கும் உலோகக் குழாய் மைனஸ். பிளக்கின் நுனியில் உள்ள ஸ்பிரிங் நடுக் குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டுத் தகடுகள் குழாயை அழுத்த வேண்டும். பிடி தளர்ந்தாலோ அழுக்கேறினாலோ அந்த இடத்தில் மின்சாரத்துக்குத் தடை கூடும். தடை கூடினால் சூடு.

இதையும் கணக்காகப் பார்த்தால் விளங்கும். தளர்ந்த இடத்தில் வெறும் 0.4 ஓம் தடை இருக்கிறது, 8 ஆம்பியர் ஓடுகிறது என்று கொள்வோம். 8-ஐ 8-ஆல் பெருக்கி 0.4-ஆல் பெருக்கினால் 25.6 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் கம்பி ஒன்று 25 வாட்தான். அதை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் செருகி வைத்தது போல ஆகிவிடும். இதில் கவனிக்க வேண்டியது, ஓடுவது 8 ஆம்பியர்தான். 10 ஆம்பியர் ஃபியூஸ் வாயே திறக்காது. ஆக, சரியான ஃபியூஸ் இருந்தாலும் தளர்ந்த பிடியால் வரும் சூட்டை அது தடுக்காது. கையால் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம், உங்கள் ஊர்க் காற்று. வேம்பார் முதல் மணப்பாடு வரை உப்பில்லாத காற்று கிடையாது. வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகும் சாலைகளிலும், ஆறுமுகநேரி, பழையகாயல் பக்கமும் இரண்டு புறமும் உப்பளங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்படி உப்பு ஜாடி தானாகக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக்கொள்ளும். சாக்கெட்டுக்குள் படிந்த உப்புத்தூளும் அப்படியே நீர்த்து, மெல்லிய உப்புநீர்ப் படலமாகிவிடும். உப்புநீரில் மின்சாரம் பாயும்.

சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் இந்த சாக்கெட்டில் மின்சாரம் நிற்கும். அப்போது பிளஸ் முனையிலிருந்து மைனஸுக்கு அந்த ஈரப் படலம் வழியாக இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கசிவு ஓடும். அந்தக் கசிவு பிளஸ் பக்கத்துச் செம்பைக் கரைத்துத் தின்னும். கடலோர வண்டிகளில் பிளஸ் முனையில் முதலில் பச்சைக் களிம்பு பிடிப்பது இதனால்தான். களிம்பு பிடித்த இடத்தில் தடை கூடும். பிறகு முன்னால் சொன்ன சூட்டுக் கணக்குத்தான்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

வண்டியை 2024-ல் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை உங்கள் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. வயல், உப்பளம், வீடு, வண்டி எல்லாம் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுப் பிறகு கைமாறியிருக்கலாம்.

பின் சாக்கெட் தரையிலிருந்து ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில்தான் இருக்கும். அதற்கு வரும் வயர் தரைவிரிப்புக்கு அடியில். காருக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்திருந்தாலே அது மூழ்கியிருக்கும். மேலே துடைத்துவிடலாம். இணைப்பிகளுக்குள் போன சேற்றை யாரும் துடைப்பதில்லை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். துரு அப்பியிருக்கிறதா? தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி விரல்விட்டுப் பாருங்கள். வண்டல் தூள் ஒட்டுகிறதா? சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் தண்ணீர்க் கோடு தெரிகிறதா? இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே, சாக்கெட்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, தரையோடு ஓடும் வயர்களின் இணைப்பிகள் எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். காற்றுப்பைக்கான கட்டுப்பாட்டுப் பெட்டியும் பல கார்களில் இதே நடுப்பெட்டிக்கு அடியில்தான் இருக்கும். அது நனைந்திருந்தால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கழற்றும் முன் ஒரு சோதனை

ஒரு மல்டிமீட்டர் வீட்டில் இருந்தால் மோட்டார் ரூம் முதல் கார் வரை உதவும். அதை டி.சி. 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சாவியைப் பாதி திருப்புங்கள். சிவப்பு முனையை நடுக் குமிழிலும், கறுப்பு முனையைச் சுற்றுக் குழாயிலும் வையுங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

- 12.4 முதல் 12.8 வரை காட்டினால் மின்சாரம் வருகிறது. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டும்.
- ஒன்றுமே காட்டவில்லை என்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். சில வண்டிகளில் முன் சாக்கெட்டுக்கும் பின் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸ் இருக்கும்.
- ஃபியூஸ் நன்றாக இருந்தும் ஒன்றும் காட்டவில்லை என்றால், கறுப்பு முனையை மட்டும் குழாயிலிருந்து எடுத்து, வண்டியின் வெற்று இரும்பு போல்ட் ஒன்றில் வையுங்கள். இப்போது 12 காட்டினால் பிளஸ் சரி, எர்த் போயிருக்கிறது.

12 வோல்ட் காட்டுவதால் மட்டும் எல்லாம் சரி என்று முடிவு செய்யக் கூடாது. களிம்பு பிடித்த வயர் சும்மா இருக்கும்போது 12 காட்டும். சுமை ஏறியதும் படுத்துவிடும். அதனால் 55 வாட் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை பிளக்கோடு இணைத்து எரியவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள். பல்பு எரியும்போது சாக்கெட்டில் உள்ள அளவுக்கும் பேட்டரியின் முனைகளில் உள்ள அளவுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் இருக்கலாம். 1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வழியில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. பல்பு நன்றாகச் சுடும். சீட்டின் மேல் வைத்துவிடாதீர்கள்.

உங்கள் சாக்கெட் உருகியிருப்பதால், அதில் எதையும் செருக வேண்டாம். இந்தச் சோதனையைப் புது சாக்கெட் மாட்டிய பிறகு செய்யுங்கள். அதுவரை அதன் ஃபியூஸை எடுத்து வையுங்கள்.

மாற்றும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நடுப்பெட்டியைக் கழற்ற ஹேண்ட்பிரேக்கை ஏற்றி இறக்க வேண்டி வரும். அதனால் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள்.

2. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10-ம் நம்பர் ஸ்பானர் போதும். கழற்றிய பிறகு குறைந்தது 5 நிமிடம் காத்திருங்கள். காற்றுப்பைக்கான பெட்டி சிறிது நேரம் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். நடுப்பெட்டிக்குள் மஞ்சள் நிற இணைப்பியோ மஞ்சள் உறை வயரோ கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம். அது காற்றுப்பைக்கு உரியது.

3. நடுப்பெட்டியின் பின்பக்கப் பலகை பெரும்பாலும் கிளிப்புகளில்தான் நிற்கும். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் கீறும், கிளிப் ஒடியும். தட்டையான மூங்கில் பத்தையோ பழைய டூத் பிரஷ்ஷின் பிடியோ போதும். ஓரம் ஓரமாக நெம்பிக்கொண்டு வாருங்கள். வர மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். பொருள் வைக்கும் குழியின் ரப்பர் விரிப்புக்கு அடியிலோ, கைதாங்கிக்கு அடியிலோ ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்.

4. பலகை வந்ததும் பின்னால் வயர் இணைப்பி தெரியும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பியின் பூட்டை அழுத்திக்கொண்டு இணைப்பியைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

5. சாக்கெட் இரண்டு பாகம். உள்ளே உலோகக் குழாய், வெளியே பிளாஸ்டிக் வளையம். குழாயின் பக்கவாட்டில் சிறு சன்னல் போல ஓட்டைகள் இருக்கும். வளையத்தின் நாக்குகள் அதில் மாட்டி நிற்கும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நாக்கை விலக்கிக்கொண்டு குழாயை வெளியே இழுத்தால் வந்துவிடும். சில மாடல்களில் பின்னால் நட் போட்டிருக்கும். அதைத் திருகிக் கழற்ற வேண்டும்.

6. கடைக்குப் பழைய சாக்கெட்டையே எடுத்துப் போங்கள். வண்டியின் மாடல், ஆண்டு இரண்டையும் சொல்லுங்கள். அதே இணைப்பி பொருந்தும் சாக்கெட்டாக, ‘120 வாட்’ அச்சிட்டதாக, மூடியுள்ளதாக வாங்குங்கள். மூடி இல்லாத சாக்கெட்டுக்குள் சிறு நாணயமோ பிள்ளைகள் போடும் ஹேர்பின்னோ விழுந்தால் பிளஸும் மைனஸும் நேராகச் சேர்ந்துவிடும்.

7. வயர் இணைப்பியைக் கூர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, உள்ளே தகடு கறுத்திருந்தாலோ, பச்சைக் களிம்பு இருந்தாலோ இணைப்பியையும் மாற்றியாக வேண்டும். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்ப்பது போல இதைத் தேய்க்கக் கூடாது. புளியோ எலுமிச்சையோ உள்ளே தங்கி, மறுபடி அரிக்கும். வயரைச் சிறிது வெட்டி உள்ளே பாருங்கள். செம்பு பளபளவென்று இருக்கும் இடம் வரை வெட்டிக்கொண்டு போய், அதே தடிமனுள்ள புது வயரோடு இணையுங்கள். முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கிரிம்ப் போட்டு அழுத்தி, அதன் மேல் உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயை ஏற்றிச் சூடு காட்டுவதுதான் சரி.

8. புது சாக்கெட்டை நாக்கும் சன்னலும் நேராக வரும்படி வைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும் வரை அழுத்துங்கள். இணைப்பியை மாட்டுங்கள். இணைப்பியின் வாய்ப்பகுதியில் மட்டும் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் ஈரம் உள்ளே புகாது. சக்கரத்துக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம்.

9. பேட்டரியை இணைத்து, மூடியில் போட்டிருக்கும் அதே அளவு ஃபியூஸைச் செருகுங்கள். முதலில் போன் சார்ஜர் போட்டுப் பாருங்கள். பிறகு முன்னால் சொன்ன பல்புச் சோதனை. 10 நிமிடம் கழித்து பிளக்கையும் சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ பிடி தளர்ந்திருக்கிறது.

கரைக்கு வந்ததும் வெளிப்பொருத்து இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுவது மீனவர்களின் பழக்கம். உப்பு தங்கினால் இரும்பு தங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். சாக்கெட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது. ஆனால், மூடியை எப்போதும் மூடி வைக்கலாம். மாதம் ஒருமுறை ஃபியூஸை எடுத்துவிட்டு, உலர்ந்த துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே துடைக்கலாம். சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் நிற்கும் வண்டி என்றால், அந்த வயரைச் சாவியோடு சேர்ந்து அணையும் இணைப்புக்கு மாற்றித் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் கேட்கலாம்.

நெபுலைசருக்கு என்ன வழி?

இவ்வளவும் செய்து புது சாக்கெட் மாட்டினாலும், இன்வெர்ட்டர் வைத்து அந்த நெபுலைசரை அதில் ஓட்டக் கூடாது. கணக்கே இடம் கொடுக்கவில்லை. திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பாதி வழியில் ஃபியூஸ் போனால் மாமியாருக்கு மருந்து நின்றுவிடும்.

பேட்டரியில் ஓடும் கைக்கு அடக்கமான நெபுலைசர்கள் கிடைக்கின்றன. வீட்டிலேயே சார்ஜ் செய்து எடுத்துப் போகலாம். யு.எஸ்.பி. மூலம் சார்ஜ் ஏறும் வகை என்றால் காரிலும் ஏற்றலாம். இந்த சாக்கெட்டுக்கு அது ஒரு சுமையே இல்லை. மாமியாருக்குக் கொடுக்கும் மருந்துக்கு அந்த வகைக் கருவி ஏற்றதுதானா, அல்லது வழியில் ஸ்பேஸர் வைத்து இன்ஹேலர் கொடுத்தாலே போதுமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மூச்சுத்திணறல் கடுமையாக இருந்தால் சொந்தக் காரை எடுக்காமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும். 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரைக் காரில் ஓட்டலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அது 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். 120 வாட் சாக்கெட்டில் நினைத்தும் பார்க்கக் கூடாது.

கேள்வி: “தோட்டத்துக்குப் போகும் வழியில் பேட்டரி ஸ்பிரேயரை கார் சாக்கெட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா? இரண்டும் 12 வோல்ட்தானே?”

- ஒரு வாசகர், சாத்தான்குளம் வட்டம்

பதில்: இரண்டும் 12 வோல்ட் என்பதால்தான் இந்தத் தவறு நடக்கிறது. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் நேராக இணைத்துவிடுகிறார்கள். ஸ்பிரேயரில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. அதற்குச் சுமார் 2 ஆம்பியருக்குள் மெதுவாகத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். வீட்டுச் சார்ஜர் அந்த அளவைப் பார்த்துக்கொள்ளும். காரில் அப்படிப் பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வரும். காலியான ஸ்பிரேயர் பேட்டரி, கிடைக்கும் அளவுக்கு இழுத்துக் குடிக்கும். பேட்டரியும் சூடாகும், சாக்கெட்டும் சூடாகும். மிகைச் சார்ஜ் ஏறினால் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது தீப்பிடிக்கும் அபாயம்.

கூடவே, ஸ்பிரேயரில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கும். அதை ஆட்கள் உட்காரும் இடத்தில் வைப்பதே சரியல்ல. முதல்நாள் இரவே வீட்டில் சார்ஜ் போட்டு, டேங்கைக் கழுவி, டிக்கியில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோவதுதான் நல்லது. லித்தியம் பேட்டரி உள்ள ஸ்பிரேயர் என்றால் இன்னும் கவனம் தேவை. அதனுடன் வந்த சார்ஜரைத் தவிர வேறு எதிலும் மாட்டக் கூடாது.

கேள்வி: “மகன் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். காரில் பயன்படுத்தும் சார்ஜரையும் டயர் காற்றடிக்கும் பம்பையும் லாரியில் மாட்டினான். பம்ப் புகைந்துவிட்டது. சாக்கெட் ஒரே மாதிரிதானே இருக்கிறது?”

- ஒரு வாசகர், ஓட்டப்பிடாரம் வட்டம்

பதில்: சாக்கெட்டின் வடிவம் ஒன்று போலவே இருக்கலாம். உள்ளே வரும் மின்சாரம் வேறு. கார்களிலும் சின்ன லோடு வண்டிகளிலும் 12 வோல்ட். பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். 12 வோல்ட் பம்பில் 24 வோல்ட் ஏறினால், மோட்டார் இரண்டு மடங்கு மின்சாரம் இழுத்து, நான்கு மடங்கு சூடாகும். புகைந்ததில் வியப்பில்லை.

வாங்கும்போதே அடியில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ‘12–24 வோல்ட்’ என்று போட்டிருந்தால் இரண்டிலும் மாட்டலாம். போன் சார்ஜர்களில் பலவும் அப்படி வருகின்றன. ‘12 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் லாரியில் மாட்டக் கூடாது. லாரியில் உள்ள இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அது ஒரு பேட்டரியைக் காலியாக்கி, மற்றொன்றை மிகைச் சார்ஜில் கெடுக்கும். அதற்குப் பதில் 24-லிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றைச் சரியான ஃபியூஸோடு போடச் சொல்லுங்கள்.

கேள்வி: “பின் சாக்கெட்டை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை. பிள்ளைகள் விரலை விடுகிறார்கள். நிரந்தரமாக அணைத்துவிட முடியுமா?”

- ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்

பதில்: முடியும். 12 வோல்ட் விரலில் ஷாக் அடிக்காது. ஆனால் பிள்ளைகள் கம்பியோ நாணயமோ போட்டால் அது பழுக்கக் காய்ந்து கையைச் சுடும். பின் சாக்கெட்டுக்குத் தனி ஃபியூஸ் இருந்தால் அதை எடுத்து, ஃபியூஸ் பெட்டி மூடியிலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். வேண்டும்போது செருகிக்கொள்ளலாம். முன் சாக்கெட்டுக்கும் அதே ஃபியூஸ் என்றால், மேலே சொன்னபடி பேட்டரி மைனஸைக் கழற்றி, பின்பலகையைத் திறந்து, பின் சாக்கெட்டின் இணைப்பியை மட்டும் பிரித்துவிடுங்கள். பிரித்த முனையை அப்படியே தொங்கவிடாமல், சுருங்கும் குழாயாலோ நல்ல டேப்பாலோ மூடி, கிளிப் போட்டுக் கட்டுங்கள். அந்த முனையில் பிளஸ் இன்னும் உயிரோடு இருக்கும். உலோகத்தில் உரசினால் ஃபியூஸ் போகும். வெறும் மூடியை மட்டும் அழுத்தி வைப்பது போதாது. பிள்ளைகள் முதலில் திறப்பது அதைத்தான்.